கரவாட்டமும் கதையாட்டமும்: அச்சம் இடம்பெயருமாறு

ஒரு கலைவடிவில் தோன்றிய சுவை மற்றொரு கலைவடிவிற்குச் செல்லுங்கால் எது உடன்செல்கிறது, எது பின்தங்குகிறது என்னும் வினா திறனாய்வாளர்க்குப் புதியதன்று. காப்பியம் நாடகமாவதையும் நாவல் திரைப்படமாவதையும் பற்றிப் பலர் ஆராய்ந்துள்ளனர். எனினும் அவ்வாராய்ச்சிகளுட் பெரும்பாலானவை மூலத்தில் உள்ளவை இவை, தழுவலில் உள்ளவை இவை, விடுபட்டவை இவை எனப் பட்டியலிடுவதோடு அமைந்துவிடுகின்றன. முதுகலை மாணாக்கர் எழுதும் ஆய்வேடுகளில் இப்பட்டியல் வழக்கம் நோயளவு வளர்ந்துள்ளது என்று கூறின் மிகையாகாது. பட்டியல் முழுதும் ஒத்திருக்கச் சுவை மட்டும் வேறாதலும் உண்டு. அவ்வாறு வேறான ஓர் எடுத்துக்காட்டை, நம் துறையினர் பெரிதும் எட்டிப்பாராத ஓரிடத்திலிருந்து ஈண்டு எடுத்துக்கொள்கின்றோம்.

அமெரிக்க நாட்டு மாசசூசெட்ஸ் மாநிலத்தில், கேம்பிரிட்ஜ் நகரில் இருந்த லுக்கிங் கிளாஸ் என்னும் நிறுவனத்தார் ஆக்கிய ‘தீஃப்: தி டார்க் புராஜெக்ட்’ என்னும் கணினி ஆட்டம் 1998ஆம் ஆண்டு வெளிவந்தது. காரெட் என்னும் கள்வனாக நின்று, இரவில், காவல் மிக்க மாளிகைகளுட் புகுந்து பொருள் கவர்ந்து மீள்வதே ஆட்டம். வாளேந்திப் பகைவரை வீழ்த்துவதே கணினி ஆட்டமென்று பலரும் எண்ணியிருந்த காலத்தில், கண்ணிற்படாது இயங்குவதையே முதன்மையாக்கிய ஆட்டம் இது. இவ்வகையினைக் கரவாட்டம் என்று குறிப்போம். அந்நிறுவனம் 2000ஆம் ஆண்டில் மூடப்பட்டது. ஆட்டத்தின் தொடர்ச்சிகள் 2000, 2004, 2014 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்தன. அவற்றுள் பின்னிரண்டும் பிறர் ஆக்கியவை. எம் கருத்து முதலாவதையே பற்றியது.

இனி, கதையாட்டம் என யாம் குறிப்பது மேசையைச் சுற்றி நால்வர் ஐவர் அமர்ந்து, சொல்லாலும் பகடையாலும் ஆடும் ஆட்டமாகும். ஒருவர் ஆட்டத் தலைவராயிருந்து உலகையும் அதன் மாந்தரையும் எடுத்துரைப்பார். ஏனையோர் ஆளுக்கொரு பாத்திரமாகி, தாம் செய்வன கூறுவர். ஐயம் நேருமிடத்துப் பகடை உருளும். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னிசனும் 1974இல் வெளியிட்ட ‘டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்’ இவ்வகைக்கு முன்னோடி. ஜான் ஹார்ப்பர் என்பார் ஆக்கி 2017இல் நூலாக வெளிவந்த ‘பிளேட்ஸ் இன் தி டார்க்’ கள்வர் கூட்டத்தைப் பற்றிய கதையாட்டமாகும். தமக்கு ஊற்றுக்கண்ணாயிருந்தவற்றுள் ஒன்றாகத் ‘தீஃப்’ ஆட்டத்தை ஹார்ப்பரே நூலிற் குறித்துள்ளார். ஆதலின் இவ்விரண்டனையும் ஒப்பிடுவது வலிந்து செய்யும் ஒப்பீடன்று.

விளையாட்டினைத் தமிழ்த்துறை இதழில் ஆராய்தல் தகுமோ என வினவுவாரும் இருப்பர். அன்னார் மெய்ப்பாட்டியலின் முதல் நூற்பாவை மீண்டும் ஒருகாற் காண்பாராக. எண்வகை மெய்ப்பாட்டிற்கு அடிப்படையான பொருள்கள் தோன்றுமிடமாக ஆசிரியர் அங்கே குறிப்பது ‘பண்ணை’. அச்சொல்லுக்கு விளையாட்டு என்னும் பொருள்படவே உரை கண்டனர். சுவையாராய்ச்சி நம் மரபில் விளையாட்டுக் களத்தினின்றே தொடங்கிற்று என்பது போதும், மேலே செல்வோம்.

‘தீஃப்’ ஆட்டத்தின் சூழல் எதனால் ஆயது? உடனே வரும் விடை, இருளும் பனியும் கற்சுவரும் என்பதே. பெயரில்லா ஒரு நகரம். இடைக்காலக் கோட்டைகளின் நடுவே மின்விளக்குகளும் பொறிகளும் விரவிய விந்தை நகரம். சுத்தியலைத் தெய்வச் சின்னமாகப் போற்றும் ஹாமரைட் துறவியர், காட்டுத் தெய்வத்தை வழிபடும் பேகன் மக்கள், எல்லாவற்றையும் மறைந்திருந்து நோக்கும் கீப்பர் குழுவினர் என மூவேறு கூட்டத்தார். இவையெல்லாம் உண்மையே. ஆயின் இவை முதற்பொருளும் கருப்பொருளுமே ஆவன. மூலத்தை மேசைக்குக் கொணர விழையும் ஆட்டத் தலைவர் பலர் இவற்றையே அள்ளிக்கொண்டு வருகின்றனர். நகரத்தின் பெயர்க்குறிப்பும் துறவியரின் உடையும் பனிமூட்டத்தின் வருணனையும் சிறிதும் பிசகாமல் அமைக்கின்றனர். அமைத்தபின், ஆடுவோர் முதல் அரைமணிப் பொழுதிலேயே வாளுருவிக் காவலர்மேற் பாய்கின்றனர். உரிப்பொருள் வாராமையின் வந்த கேடு இஃது.

உரிப்பொருள் யாது? அச்சம். அதுவும் ஒரு தனிவகை அச்சம். மெய்ப்பாட்டியல் அச்சத்திற்கு நிலைக்களன் நான்கு கூறும்: அணங்கு, விலங்கு, கள்வர், இறை என்பன அவை. இவ்வாட்டத்தில் நான்கும் உள. ஆயின் ஒன்று தலைகீழாகியுள்ளது. எவனைக் கண்டு உலகம் அஞ்சுமோ அக்கள்வனே ஈண்டு அஞ்சுபவன். மாளிகையின் உள்ளே உறங்குவோர் அஞ்சவில்லை, புகுந்தவனே அஞ்சுகிறான். காரெட் வாட்போரில் வல்லவன் அல்லன். காவலர் இருவர் ஒருங்கே எதிர்ப்படின் அவன் மாள்வது பெரும்பாலும் உறுதி. மிகக் கடிய நிலையைத் தெரிந்து ஆடுவோர்க்குப் பெரும்பாலான பகுதிகளில் மனிதரைக் கொல்லலாகாது என்னும் விதியும் உண்டு. வலிமை பறிக்கப்பட்டவனுக்கு எஞ்சுவது அறிவு ஒன்றே. அவ்வறிவை ஆட்டம் எவ்வாறு வழங்குகிறது என்பதிலேதான் அதன் கலைநுட்பம் அடங்கியுள்ளது.

திரையின் அடியில் ஒரு மணி பதிக்கப்பட்டிருக்கும். கள்வன் ஒளியில் நிற்குந்தோறும் அது சுடரும். இருளில் ஒதுங்குந்தோறும் மங்கும். பிறர் கண்ணுக்குத் தான் எத்துணைப் புலப்படுகிறான் என்பதை அவன் ஒவ்வொரு நொடியும் அறிவான். வாழ்வில் எந்தக் கள்வனுக்கும் கிட்டாத அறிவு இது. அறிவு மிகுந்தால் அச்சம் குறையும் என்றே பலரும் கருதுவர். இவ்வாட்டம் அதனை மறுக்கிறது: மணி மெல்ல ஒளிபெறுவதைக் காணும்பொழுதுதான் நெஞ்சு துணுக்குறுகிறது. அறியாமையில் தோன்றுவது திகைப்பு. அறிந்தும் விலக்கலாகாத நிலையில் தோன்றுவதே அச்சம்.

மணியினும் சிறந்தது ஒலி. கள்வன் நடக்கும் தளம் கல்லாயின் ஓசை எழும், உலோகமாயின் பேரோசை, கம்பளமும் புல்லும் ஓசையை விழுங்கிவிடும். பாசி அம்பினை எய்து கல் தளத்தை மென்மையாக்கலாம். நீர் அம்பினால் தீப்பந்தத்தை அவிக்கலாம். அவன் ஓசை காவலர்க்குக் கேட்குமாறு போலவே காவலர் ஓசை அவனுக்கும் கேட்கும். சுவருக்கு அப்பால் வரும் காலடி, தொலைவு குறையக் குறைய ஓங்கும். இதனினும் நுட்பமானது, காவலர் தமக்குத் தாமே பேசிக்கொள்வது. ஏதோ கேட்டதென ஐயுறுவர், யாரங்கே என அதட்டுவர், தேடுவர், எலியாயிருக்கும் எனத் தம்மைத் தேற்றிக்கொண்டு பழைய நடையைத் தொடர்வர். பகைவனின் உள்ளம் இவ்வாறு ஒலியாகி நம் செவியை அடைகிறது. பாஃபர்டு பிரபுவின் மாளிகை வாயிலில் காவலர் இருவர் கரடிச் சண்டை காணச் செல்வதைப் பற்றி அளவளாவும் காட்சி ஆடினோர் எவரும் மறவாதது. அப்பேச்சு கதைக்கு ஒரு பயனும் தாராது. ஆயினும் இருளில் நின்று அதனைக் கேட்கும்பொழுது, இவர்கள் தத்தம் வாழ்வுடைய மனிதர் என்பதும், நாம் அங்கே இருத்தலாகாதவர் என்பதும் ஒருங்கே தைக்கின்றன. பொழுதுபோக்காகப் பேசும் காவலனைக் கொல்ல மனம் ஒருப்படாது என்பதும் இதன் பயன்.

ஆகவே இவ்வாட்டத்தின் சூழல் கண்ணாற் பெறப்படுவதினும் செவியாற் பெறப்படுவதே மிகுதி என்பது எம் துணிபு. அதன் ஓவியங்கள் இன்று நோக்கக் கரடுமுரடானவை; ஓசையமைப்போ இன்றும் உயிரோடிருக்கிறது. இதனை உணர்ந்தால், மேசையில் படமில்லையே, இருளை எவ்வாறு காட்டுவது என்று வருந்துவோர் வருத்தம் பொருளற்றதாகும். கதையாட்டம் முழுவதும் குரலால் இயல்வது. செவிவழி வரும் அச்சத்தை ஏற்பதற்கு அதனினும் ஏற்ற களம் வேறு யாது?

களம் ஏற்றதாயிருந்தும் அச்சம் வாராமைக்குக் காரணம் பகடையின் ஆட்சியே. ‘டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்’ ஆட்டத்தில் கள்வன் என்னும் பாத்திரவகை 1975இல் வந்த ‘கிரேஹாக்’ என்னும் துணைநூலிற் சேர்க்கப்பட்டது. 1978இல் வந்த விரிநூலின்படி, முதல் நிலைக் கள்வன் ஓசையின்றி நடக்கும் வாய்ப்பு 100க்கு 15. நிழலில் மறையும் வாய்ப்பு 100க்கு 10. குலமும் உடற்றிறனும் பற்றிய திருத்தங்கள் இதில் அடங்கா. இரண்டும் ஒருங்கே கைகூடும் வாய்ப்பு 1000க்கு 15 என்றாகிறது. தொழிலின் பெயரையே தாங்கியவன் அத்தொழிலை ஆயிரத்துக்குப் பதினைந்து முறையே செய்ய வல்லன் என்பது நகைப்பிற்கிடனாகும். கைதேர்ந்தவன் நிலையும் பெரிதும் மேம்பட்டதன்று. 100க்கு 90 வாய்ப்புடையவன் ஒரு மாளிகையைக் கடக்க ஐந்து முறை உருட்டுவானாயின், ஐந்திலும் பிழைக்கும் வாய்ப்பு 100க்கு 59 அளவே. 100க்கு 70 வாய்ப்புடைய நால்வர் ஒருங்கு செல்லும்போது நால்வரும் தப்பும் வாய்ப்பு 100க்கு 24. கரந்து செல்வது வீண் என்று ஆடுவோர் சில நாளிலேயே கண்டுகொள்கின்றனர். வாளே நம்பத்தக்கது என்று முடிவு செய்கின்றனர். அவர்களைக் குறைகூறுவதில் பயனில்லை. விதி அவர்களுக்குக் கற்பித்த பாடம் அது.

எண்ணிக்கையினும் பெரிய குறை வேறொன்றுண்டு. பகடை இரண்டே விடை தருகிறது: மறைந்தான், அன்றேல் அகப்பட்டான். கரவாட்டத்தின் சுவையோ இவ்விரண்டிற்கும் இடையில் உள்ள வெளியில் வாழ்கிறது. ஐயுற்ற காவலன் இரண்டடி முன்வைத்து நிற்கும் அந்த இடைவெளியை ஒற்றை உருட்டு விழுங்கிவிடுகிறது.

ஹார்ப்பர் இக்குறைகளை நன்குணர்ந்தவர் என்பதற்கு அவர் நூலே சான்று. அவர் ஆட்டத்தில் ஆறு முகப் பகடைகளை உருட்டி உயர்ந்ததைக் கொள்வர். 6 வரின் முழு வெற்றி, 4 அல்லது 5 வரின் கேட்டோடு கூடிய வெற்றி, அதனிற் குறையின் இடர். பெரும்பாலும் நேர்வது நடுவிலுள்ள அரைவெற்றியே. இடைவெளி மீண்டும் திறக்கப்படுகிறது. உருட்டுமுன் நிலைமை அடக்கத்தில் உள்ளதோ, இடர் உடையதோ, முற்றும் இக்கட்டானதோ என ஆட்டத் தலைவர் வெளிப்படக் கூறவேண்டும் என்பது விதி. குழுவாகக் கரந்து செல்வார்க்கு, யாவர் உருட்டினும் சிறந்த உருட்டே அனைவர்க்கும் பயன்படும். தோற்ற ஒவ்வொருவர் பொருட்டும் தலைமை ஏற்றவர் ஒரு புள்ளி மனவழுத்தம் ஏற்பார். நால்வருட் தப்பும் வாய்ப்புப் பற்றி மேலே கூறிய சிக்கல் இதனால் ஒரே வீச்சில் அவிழ்கிறது. மிக்க திறமையான விதி என்றே சொல்லவேண்டும்.

இவற்றினும் எம்மைக் கவர்ந்தது கடிகை வட்டம். நான்கு, ஆறு அல்லது எட்டுக் கூறுகளாகப் பகுத்த வட்டம் ஒன்றைத் தாளில் வரைந்து, ‘காவலர் விழிப்பு’ என்பது போன்றதொரு பெயரிட்டு, எல்லார்க்கும் தெரியுமாறு மேசைமேல் வைப்பர். பிழை நேருந்தோறும் கூறுகள் கருமையாக நிரப்பப்படும். நிரம்பிய அன்று காவலர் எழுவர். திரையடியில் சுடர்ந்த மணி மேசைக்கு வந்த வடிவம் இதுவே என்பது எம் கருத்து. ஹார்ப்பர் இதனை அவ்வாறு எண்ணி அமைத்தாரோ, வேறு நோக்கில் அமைத்தாரோ, ஆராயவேண்டுவதில்லை, தொழிலால் ஒக்கும். ஆறில் நான்கு கூறு கருத்த வட்டத்தைப் பார்த்துக்கொண்டு பகடையைக் கையிலெடுப்பவன் படும் பாடு, மணி ஒளிர்வதைப் பார்த்துக்கொண்டு விளக்கொளியைக் கடப்பவன் படும் பாட்டிற்கு நெருங்கிய உறவுடையது. மணியின் உருவத்தை ஒருவர் அட்டையில் வரைந்து மேசைமேல் வைத்திருந்தால் அஃது வெறும் அணியாய் நின்றிருக்கும்.

இத்துணைச் சிறப்பிருந்தும், ‘பிளேட்ஸ்’ ஆட்டத்தை ஆடி எழுவார் உள்ளத்தில் எஞ்சுவது ‘தீஃப்’ தந்த சுவையன்று. ஞாயிறு சிதறிய உலகம். மின்னல் வேலியால் காக்கப்படும் டோஸ்க்வால் நகரம். வேலிக்கு வெளியே ஆவிகள். உள்ளே பகைமை பூண்ட கூட்டங்கள். முதலும் கருவும் மூலத்தோடு பெரிதும் இயைகின்றன. எது மாறிற்று?

காத்திருத்தலை ஹார்ப்பர் நீக்கிவிட்டார். திட்டமிடுதலில் மணிக்கணக்காகப் பொழுது போக்கும் ஆட்டக்காரரைக் கண்டு சலித்தவர் போலும். அவர் விதிப்படி, எவ்வகைத் தாக்கு, எவ்வழி என ஒரு சொல்லிற் கூறியவுடன் ஒரு முன்னுருட்டோடு ஆட்டம் செயலின் நடுவே குதிக்கிறது. முன்னேற்பாடு ஏதேனும் தேவைப்படின், பாத்திரம் அதனை முன்னரே செய்திருந்ததாகப் பின்னோக்குக் காட்சி ஒன்றைக் கூறி, அதன் அருமைக்கேற்ப மனவழுத்தப் புள்ளி செலுத்தினால் போதும். காவலன் எதிர்ப்பட்டபின், நேற்றே அவனுக்குக் கையூட்டுக் கொடுத்துவிட்டேன் எனலாம். கொண்டுவந்த கருவி யாது என்பதும் பயன்படுத்தும் நேரத்திலேயே முடிவாகும். ஒன்பது புள்ளியளவு தாங்கும் மனவழுத்தமே இவற்றிற்கெல்லாம் கைப்பொருள்.

இதனால் விளைவது யாது? ‘தீஃப்’ ஆட்டத்தில் பொறுமை ஆடுவோனுடையது, அச்சமும் அவனுடையது. ‘பிளேட்ஸ்’ ஆட்டத்தில் திறமை பாத்திரத்தினுடையது. ஆடுவோன் அதன் திறமையைக் கண்டு வியந்து மகிழ்பவன். இடரை நோக்கிச் சிரித்துக்கொண்டே செல்லும் தறுகண்மையை அவ்விதிகள் பரிசளித்து வளர்க்கின்றன. கூட்டத்தின் புகழை எண்ணாற் குறித்துச் சேர்த்துக்கொண்டே வருமாறும் ஏற்பாடு உண்டு. பெருமிதத்திற்குக் கல்வி, தறுகண், இசைமை, கொடை என நான்கு நிலைக்களன் மெய்ப்பாட்டியல் கூறுவதை நினைவுகூர்க. தறுகண்ணும் இசைமையும் ஈண்டு விதியாகவே அமைந்துள்ளன. தொழிற்கல்வியின் செருக்கும் பின்னோக்குக் காட்சிதோறும் வெளிப்படுகிறது. கொடை மட்டுமே கள்வர்பால் எதிர்பார்த்தற்கரியது! ஆதலின் அச்சத்தை உரிப்பொருளாகக் கொண்ட மூலம், பெருமிதத்தை உரிப்பொருளாகக் கொண்ட ஆட்டமாகப் பெயர்ந்துள்ளது. இஃது ஹார்ப்பரின் தோல்வி எனின் தவறாகும். அவர் வேண்டியதும் அதுவே என்பதற்கு நூல் முழுதும் சான்றுண்டு. ஆனால் ‘தீஃப்’ ஆட்டத்தின் சூழலை மேசையில் விழைவார்க்கு இந்நூலே போதுமென அறிவுரைப்போர், கள்வனையும் இருளையும் கண்டு சுவையை மறந்தவராவர். நம் ஆய்வேடுகளின் பட்டியல் இப்படித்தான் ஏமாற்றுகிறது.

அச்சத்தையே வேண்டுவார் செய்யத்தக்கது யாது? கடிகை வட்டத்தையும் குழு உருட்டையும் கொள்க. பின்னோக்குக் காட்சியைத் தள்ளுக. இது முதல். காவலரின் உள்ளத்தை ஆட்டத் தலைவர் தம் குரலால் ஒலிக்கவேண்டும் என்பது அடுத்தது. ‘காவலன் ஐயுறுகிறான்’ என்று படர்க்கையிற் கூறுவது செய்தி. காவலனாகவே நின்று, தாழ்ந்த குரலில் தனக்குத் தானே முணுமுணுப்பது ஆட்டம். நல்ல ஆட்டத் தலைவர் சிலர் இதனை இயல்பாகவே செய்கின்றனர். பலர் பகடை எண்ணைக் கூறி முடித்துவிடுகின்றனர். பகடையையும் ஒவ்வோர் அடிக்கும் உருட்டலாகாது. இருளிலும் கம்பளத்திலும் பொறுமையோடு செல்பவன் உருட்டாமலே செல்லட்டும்; ஒளியையோ கல் தளத்தையோ கடந்தே தீரவேண்டிய இடத்தில் மட்டும் பகடை உருளட்டும். அவ்விடம் எது என்பதை அவன் முன்னரே அறிந்திருத்தல் வேண்டும்.

காத்திருத்தல் பற்றிய இடர்ப்பாடு எளிதில் தீர்வதன்று. கணினிமுன் தனியே அமர்ந்தவன் ஒரு மூலையில் ஒதுங்கிப் பல நிமிடம் காவலனின் நடையை அளந்துகொண்டிருப்பான். அப்பொழுது அவனோடு வேறெவரும் இல்லை. மேசையிலோ, காத்திருக்கிறேன் என்னும் ஒரு சொல்லோடு அது முடிந்துபோகிறது. ஏனைய மூவரும் தம் முறைக்காகப் பரபரக்கின்றனர். காத்திருத்தலுக்கு விலை வைப்பதே வழி என்று கருதுகின்றோம். காத்திருப்பவனுக்கு ஓர் உண்மை தெரியவரும். அதற்கு ஈடாக விடியலின் வட்டத்தில் ஒரு கூறு கருக்கும். அவ்வுண்மையையும் ஆட்டத் தலைவர் விளக்கிக் கூறாது செவிக்குரியதாகவே தருதல் நன்று. கல் தளத்தில் காலடி அணுகுகிறது. ஏழு, எட்டு, ஒன்பது என அது எண்ணத்தக்கதாய் ஒலிக்கிறது. பின்பு கம்பளத்தின்மேல் ஏறியவுடன் ஓசை அற்றுப்போகிறது. காவலன் நின்றுவிட்டானோ, இன்னும் நடந்துகொண்டிருக்கிறானோ, மேசையிலிருக்கும் நால்வருள் எவர்க்கும் தெரியாது.